அண்ணன் வெட்டவிடாத நீளக் குழல்கள்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த உறவுகளில் பாதிப் பேர், சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னைத் தேடி வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணனோட துப்பாக்கியெல்லாம் இப்ப எங்க இருக்கு? இனிமே என்ன ஆகும்?" அன்று எனக்கே பதில் தெரியாது. காவல் நிலையத்தில் இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் மறுபடியும் அதையேதான் கேட்பீர்கள். பதில் இந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. ஆனால் நேராக அங்கே தாவிவிட வேண்டாம். வழியில் அண்ணனைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்.

எங்கள் அண்ணன் விழிதியூரில், நெல்லை நம்பிய குடும்பத்தில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. ஆகையால் நான் பிறந்தபோது அவர் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தார். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். அவர் காரைக்காலில் கல்லூரியில் சேர்ந்த வருடமே எங்கள் அப்பா காலமானார். அது சம்பா நடவு நேரம். நாற்று பறித்துக் கட்டு கட்டாகக் கிடக்கிறது, வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் கால்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். அந்தப் படிப்பை அவர் முடிக்கவே இல்லை. அதைப் பற்றி வருத்தமாக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பின்னாளில் மின்துறையில் வேலை கிடைத்தது. விடிந்ததும் வயல், பிறகு சைக்கிளில் நெரவி வழியாகக் காரைக்கால், சாயங்காலம் திரும்பவும் வயல் என்று ஓடி, என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார், தன் பிள்ளையையும் ஆளாக்கினார்.

அப்பா போன அதே மாதத்தில்தான் அண்ணனின் துப்பாக்கிக் கதை தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் தாத்தா வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கோலால் இடித்துக் கெட்டித்துச் சுட வேண்டிய பழைய ரகம். நீர்நிலைகளில் வாத்தும் நாரையும் சுடுவதற்காகச் செய்ததாம். அதனால் குழல் அப்படி ஒரு நீளம். நிமிர்த்தி நிறுத்தினால் நல்ல உயரமான ஆளின் நெற்றியைத் தாண்டும். அண்ணன் உயரமான ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் அவர் நின்றால் துப்பாக்கிதான் அண்ணனைக் காவல் காப்பது போல இருக்கும்.

எங்கள் தாய்மாமா நல்லவர், ஆனால் எதையும் சும்மா விடமாட்டார். அப்பா இல்லாத வீட்டுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்தவர், ஒருநாள் துப்பாக்கியை எடுத்து வரப்பில் நடந்து பார்த்தார். அது ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் சாய, சேற்றில் கால் வைத்துவிட்டார். திரும்பி வந்ததும் சொன்னார்.

"ஏன்டா, இதுல ரெண்டு சாண் வெட்டிட்டா கைக்கு அடக்கமா இருக்கும்ல? மடையான் கொக்கு வெரட்டுறதுக்கு இவ்வளவு நீளம் எதுக்கு? ஊர்ல எல்லாரும் வெட்டித்தானே வச்சிருக்காங்க."

அது உண்மை. இந்தப் பக்கத்தில் நீளக் குழல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர், வரப்பில் தூக்கி நடக்கவும் பீரோவில் வைத்துப் பூட்டவும் வசதியாக இருக்கட்டும் என்று கொல்லுப் பட்டறையில் கொடுத்துக் குழலை அறுத்துவிட்டார்கள். அப்படி அறுப்பது சட்டப்படி குற்றம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அண்ணன் அன்று சட்டம் பேசவில்லை. "வேணாம் மாமா. வெட்டினா வெட்டினதுதான். நாளைக்கு வேணும்னா ஒட்டவா முடியும்?" என்றார். மாமா விடவில்லை. அண்ணனும் விடவில்லை. கடைசியில் மாமா, "அப்பனே தேவலாம்டா, நீ அவனுக்கு மேல இருக்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பாவின் பெயரில் இருந்த லைசென்ஸை அண்ணன் முறைப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அந்தத் துப்பாக்கிக்கு 'மூத்தவர்' என்று பெயர் வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் அது 'மூத்தவர்' ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணனின் கண்ணுக்கு நீளக் குழல் மட்டும்தான் தெரிந்தது. வெட்டாத குழல் எங்கேயாவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் நிற்பார். திருவேட்டக்குடிக்குப் போகும் வழியில் ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு அவருடன் நானும் போயிருக்கிறேன். அந்த வீட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது, ஒழுங்காகப் புதுப்பித்தும் வந்தார்கள். ஆனால் துப்பாக்கி பின்கட்டில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே படுத்திருந்தது. அதன் மேல் நாலு துண்டும் ஒரு பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் அந்தத் துணிகளை விலக்கக் கூச்சப்பட்டு, அப்படியே குனிந்து குழலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் அப்படிப் பார்த்திருக்கமாட்டார் என்று நான் அண்ணியிடம் பிற்பாடு சொன்னேன்.

அந்த வீட்டுக்காரர், "பீரோல அடங்க மாட்டேங்குதுங்க. அடுத்த வாரம் பட்டறைல குடுத்து அறுத்துடலாம்னு இருக்கேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து, விழிதியூருக்குத் திரும்பாமல், எதிர்த்திசையில் சைக்கிளை மிதித்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டில் ஃபேன் ரிப்பேர் பார்த்தார், மோட்டார் ரிப்பேர் பார்த்தார், கல்யாணத்துக்கு சீரியல் பல்ப் கட்டினார். கடைசியில் அவர்களே, "இந்தாங்க, நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க, எங்களுக்குத் துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு மட்டும் வாங்கிக் குடுங்க" என்று சொல்லும்படி ஆயிற்று. காகித வேலைகள் முடிந்து அது வீட்டுக்கு வந்தது. அதன் பெயர் 'நெட்டையன்'. அதே வழியில், அதே பொறுமையில், இன்னும் இரண்டு வந்தன.

இத்தனைக்கும் அண்ணன் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. மருந்தே வாங்கியதில்லை. "பின்ன எதுக்குண்ணே இது?" என்று நான் ஒருமுறை சலித்துக் கேட்டேன். குழலை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, இது எத்தன கை மாறி வந்திருக்கும்? ஒவ்வொருத்தனுக்கும் இது தொந்தரவாத்தான் இருந்திருக்கும். எடத்த அடைக்கும், தூக்க முடியாது, வெட்டிடலாம்னு தோணியிருக்கும். ஆனா ஒருத்தன்கூட வெட்டல பாரு. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நானும் வெட்டாம அடுத்த ஆள்கிட்ட குடுத்துட்டாப் போதும்." அவர் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துப்பாக்கிகளைச் 'சக்களத்திகள்' என்றுதான் சொல்வார். "எனக்கு ஒரு புடவ எடுக்க நாலு தடவ யோசிக்கிற மனுசன், சக்களத்திக்கு மட்டும் நல்ல வேட்டியா எடுத்துச் சுத்தி வைக்கிறார் பாருங்க" என்பார். சொல்லிக்கொண்டே அந்த வேட்டியைத் துவைத்து, கஞ்சி போடாமல் மடித்துக் கொடுப்பார். கஞ்சி பட்டால் இரும்பு கெடும் என்று அவருக்குள் ஒரு கணக்கு.

என் பெயரிலும் ஒரு லைசென்ஸ் வாங்கி, ஒரு துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றியிருந்தார் அண்ணன். எனக்குச் சம்பந்தம் பேச நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம், அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சொல்லிவிட்டார். என் மாமனாராக வேண்டியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணு பேர்ல நிலம் இருக்கு, நகை இருக்குன்னு சொல்லக் கேட்டிருக்கேன். துப்பாக்கி இருக்குன்னு இப்பத்தாங்க கேக்குறேன்."

"அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் அண்ணன், ஏதோ வீட்டு நாயைப் பற்றிச் சொல்வது போல. "நீளம் மட்டும் கொஞ்சம் சாஸ்தி."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. இன்றுவரை என் வீட்டுக்காரர் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதற்குக் காரணம் அவருடைய நல்ல குணமா, என் லைசென்ஸா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. பின்னாளில் ஒருவர் பெயரில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது, அண்ணன் தன்னிடமிருந்த மூன்றில் ஒன்றையும் என் பெயருக்கே மாற்றினார். ஆக 'மூத்தவரும்' 'நெட்டையனும்' அவர் பெயரில், மற்ற இரண்டும் என் பெயரில்.

இப்போது பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் ஆட்டோவில் அடங்காது, காரில் அடங்காது, நிலையத்துப் பீரோவிலும் அடங்காது. மூலையில் சாய்த்து வைத்தால் நீளக் குழல் நாளடைவில் வளைந்துவிடும் என்று அண்ணனுக்குப் பயம். அதனால் நான்கையும் படுக்க வைக்கும்படி தேக்கில் ஒரு பெட்டி செய்தார். ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும். அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, தூசு படாமல் இருக்க வெள்ளை வேட்டி போர்த்தி, வண்டி குலுங்கினால் பிடித்துக்கொள்ள இந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும், அந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து, மெதுவாகக் காரைக்காலுக்குப் போவோம்.

முதல் தடவை நெரவி முக்கத்தில் வண்டி திரும்பியபோது எதிரே வந்தவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார்கள். ஒரு பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவர் கடையிலிருந்து ஒரு ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, மாலையைப் பெட்டியின் மேல் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க? பெரியவங்களா?"

அண்ணன், "இவங்க மூத்தவருதான். ஆனா..." என்று தொடங்கிவிட்டு, வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பூக்கடைக்காரர் குழலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். மாலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "போட்டது போட்டதுதாங்க. மாலையும் வெட்டினா ஒட்டாது" என்றார். ரோஜா மாலை போட்ட துப்பாக்கிகளை நிலையத்தில் இறக்கியபோது அங்கிருந்த ரைட்டர் என்ன நினைத்தாரோ தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் நாங்கள் அந்த முக்கத்தைக் கடக்கும்போது பூக்கடைக்காரர் கையை ஆட்டி, "என்ன, எலெக்‌ஷனா?" என்று கத்துவார். அண்ணன், "ஆமா, ஊர்கோலம்" என்று திரும்பக் கத்துவார்.

கடைசித் தேர்தலின்போது அண்ணனுக்கு உடம்பு நன்றாக இல்லை. சிறுநீரகம் பழுதாகி, கால் வீங்கியிருந்தது. நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய சில நாட்களில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே படுக்கையில், மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் என்னிடம் கேட்டது பிள்ளையைப் பற்றி இல்லை, நிலத்தைப் பற்றி இல்லை. "துப்பாக்கியப் படுக்க வச்சிருக்காங்களா பாப்பா? சாய்ச்சு வச்சிருக்கப் போறாங்க." படுக்கத்தான் வைத்திருக்கிறார்கள், பெட்டியோடு இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணியையும் என்னையும் சேர்த்துப் பார்த்து, "வெட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அதுதான் அவர் எங்களிடம் கேட்டுக்கொண்ட ஒரே காரியம். வாழ்நாள் முழுக்க எங்களுக்குச் செய்தவர், எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

தேர்தல் முடிவு வந்த வாரத்தில் அண்ணன் போய்விட்டார். மருத்துவமனை வண்டி வர நேரமாகும் என்றார்கள். துப்பாக்கிப் பெட்டியை எப்போதும் ஏற்றிச் செல்லும் குட்டியானை டிரைவர், "நான் கூட்டிக்கிட்டுப் போறேங்க, நான்தான் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்று அழுதார். குளிர்பெட்டியில் அண்ணன். வெயிலுக்காக மேலே வெள்ளை வேட்டி. இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். நெரவி முக்கத்தில் வண்டி திரும்பியது. பூக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

"என்னங்க, துப்பாக்கி திரும்புதா? அண்ணன் எங்க, காணோம்?"

அண்ணிதான் பதில் சொன்னார்.

"உள்ள இருக்காங்க, தம்பி."

அந்த மனிதர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கடையைச் சாத்திவிட்டு, எங்களுக்கு முன்னாலேயே விழிதியூருக்கு வந்து வாசலில் நின்றார்.

காரியங்கள் முடிந்தபின் நிலையத்துக்குப் போனோம். என் பெயரில் உள்ள இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ரைட்டர். வந்தால் நான்கும் ஒன்றாக வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பெயரில் உள்ளவற்றுக்கு வாரிசுகளில் ஒருவர் லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் அரசிடம் விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் நாளாவட்டத்தில் அழித்துவிடுவார்கள். தெரிந்தவர் ஒருவர் சுருக்கு வழி சொன்னார். அனுமதி வாங்கிக் குழலைப் பாதியாக அறுத்து, சுட முடியாதபடி ஆக்கிவிட்டால் அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ளலாமாம், அலைச்சல் மிச்சமாம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மருமகனுக்கு, அதாவது அண்ணன் மகனுக்கு, அது சரியாகப் பட்டது.

"அத்த, அம்மாவால இந்த வயசுல ஆபீஸ் ஆபீஸா அலைய முடியுமா? கொஞ்சம் வெட்டினாத்தான் என்ன? அழகா சுவத்துல மாட்டி வைக்கலாம். அப்பா ஞாபகமா இருக்கும்."

அவன் அம்மாவின் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து அண்ணி வெளியே வந்தார்.

"உங்கப்பா ஞாபகமா, வெட்டுறதா?"

அவ்வளவுதான் கேட்டார். மருமகன் எழுந்து போய் அம்மாவுக்கு லைசென்ஸ் விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று போனில் பார்க்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு எல்லா ஓட்டத்திலும் அவன்தான் முன்னால் நின்றான்.

அண்ணி அதற்கு முன் ஓட்டுப் போடவும் ரேஷன் கடைக்கும் தவிர அரசாங்கத்தைப் பார்த்ததில்லை. அவர் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கினார், போலீஸ் விசாரணைக்குப் பதில் சொன்னார், அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தார். துணைக்கு நானும் உள்ளே போனேன். அதிகாரி மரியாதையான மனிதர்.

"இந்த வயசுல துப்பாக்கி எதுக்கும்மா? யாராச்சும் மிரட்டுறாங்களா?"

"யாரும் மிரட்டலங்க. நான்தான் வீட்ல எல்லாரையும் மிரட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் சிரித்தார். "அப்ப எதுக்கு?"

"சுடுறதுக்கு இல்லங்க. அவங்க ஒரு நாளும் சுடல. நானும் சுட மாட்டேன். எங்க மாமனார் வழில வந்தத அவங்க வெட்டாம வச்சிருந்தாங்க. நானும் வெட்டாம வச்சிருந்து எம்புள்ளகிட்ட குடுக்கணும். அதுக்குத்தாங்க."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "குடும்பத்துல வழிவழியா வந்ததுன்னு எழுதிக் குடுங்கம்மா" என்றார். சில மாதங்கள் ஆயின. லைசென்ஸ் வந்தது. வெளியே வந்ததும் அண்ணி என்னிடம், "இத்தன நாளா சக்களத்தின்னு திட்டிட்டு, இப்ப எம்பேர்லயே எழுதி வாங்கிருக்கேன் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு படியிலேயே நின்று அழுதார். நானும் அழுதேன்.

இங்கே நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வயல் வேலை ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொண்ட விழிதியூர் உறவுகளுக்கும், மின்துறையில் அவரோடு வேலை செய்து சுடுகாடுவரை தோள் கொடுத்த நண்பர்களுக்கும், குட்டியானை டிரைவருக்கும், இந்த ஒரு வருடம் முழுக்கப் பெட்டியைச் சாய்க்காமல், நிமிர்த்தாமல், படுத்தவாறே வைத்திருந்த நிலையத்து ரைட்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவர் பாக்கி இருக்கிறார்.

போன வாரம் துப்பாக்கிகள் வீடு திரும்பின. அதே வண்டி, அதே பெட்டி, அதே வெள்ளை வேட்டி. அண்ணன் உட்காரும் இடத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தான். நெரவி முக்கத்தில் பூக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. கடையை விட்டு இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேசாமல் நின்றார். அண்ணி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"துப்பாக்கிதான் தம்பி. இந்தத் தடவ துப்பாக்கிதான்."

அவர் உள்ளே போய் ஒரு ரோஜா மாலையோடு வந்தார். "அன்னைக்கு ஆள் தெரியாம போட்டேன். இன்னைக்குத் தெரிஞ்சு போடுறேங்க" என்று பெட்டியின் மேல் போட்டார். அவருக்கும் எங்கள் நன்றி.

ஆகவே, கேட்ட உறவுகளுக்குப் பதில் இதுதான். நான்கும் விழிதியூர் வீட்டில், அண்ணனின் அறையில், படுத்திருக்கின்றன. ஒன்றையும் வெட்டவில்லை. பார்க்க வாருங்கள், அண்ணி காபி போட்டுக் கொடுப்பார். குழலைத் தொடும் முன் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். அண்ணி பார்த்துக்கொண்டிருப்பார்.